கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன்: ‘கைமாறல் திரிபு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒலிப் பெருக்கியில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் இடத்தில் அலையின் வடிவம் கெடுவதைக் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் ‘குறுக்குத் திரிபு’, ‘கடப்புக் குலைவு’ என்று இரண்டு சொற்களை மற்றவர்கள் முன்வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வானொலிக் கன்சோல்களை, அதாவது பல ஒலிகளைக் கலந்து அனுப்பும் மேசைகளைப் பழுது பார்ப்பதே என் பிழைப்பு என்பதால், இந்தச் சொல்லைத் தினமும் வாயில் போட்டுப் புழங்க வேண்டியவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘குறுக்கு’. கன்சோலில் ஒரு சானலின் ஒலி பக்கத்துச் சானலில் கசிந்து கேட்பதைக் கிராஸ்டாக் என்கிறோம். ஸ்பீக்கர் பெட்டிக்குள் தாழ்ந்த ஒலியையும் கீச்சொலியையும் பிரித்து அனுப்பும் சுற்றுக்கும் கிராஸ்ஓவர் என்றுதான் பெயர். ‘குறுக்குத் திரிபு’ என்று சொன்னால், புதிதாக வேலைக்கு வரும் பையன் இந்த இரண்டில் ஒன்றைத் தேடிக்கொண்டு போய்விடுவான். பழுது இருக்கும் இடம் வேறு.

மைக்கை அடுத்து வரும் முன்பெருக்கியில் பெரும்பாலும் ஒரே டிரான்சிஸ்டர் அலையின் மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டையும் சுமந்துவிடும். அங்கே இந்தச் சிக்கல் எழாது. லைனுக்கு அனுப்பும் புரோகிராம் பெருக்கியிலும், மானிட்டர் ஸ்பீக்கரை ஓட்டும் பெருக்கியிலும் பாரம் அதிகம். அதனால் கடைசிக் கட்டத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன: ஒன்று மேல்பாதிக்கு, இன்னொன்று கீழ்ப்பாதிக்கு. சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு அடிவாய்க்கும் (பேஸ்) உமிழ்ப்பானுக்கும் (எமிட்டர்) இடையே சுமார் 0.6 வோல்ட் கிடைத்தால்தான் கண் திறக்கும். அலை சுழியத்தைத் தாண்டும் நேரத்தில் முதலாவது ஓய்ந்திருக்கும், இரண்டாவது இன்னும் விழித்திருக்காது. அந்தச் சந்தில் வெளியே ஒன்றும் போகாது. அலைக்காட்டியில் பார்த்தால், வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டிய கோடு நடுவில் ஒரு சின்னப் படியில் நின்று இறங்கும்.

நம் பக்கம் கூட்டுக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அண்ணன் தன் முறை முடிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போகிறார். தம்பி வந்து தன் மோட்டாரைப் போடக் கால் மணி நேரம் ஆகிறது. அதற்குள் வாய்க்காலில் நின்ற தண்ணீரை மண் குடித்துவிடுகிறது. அண்ணன் நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தம்பி போட்டுவிட்டால் தண்ணீர் அறாது. பெருக்கியில் பயாஸ் செய்வது இதைத்தான். ஒலியே இல்லாத போதும் இரண்டு டிரான்சிஸ்டர்களிலும் மெல்லிய மின்னோட்டம் ஒன்றை விட்டு வைத்து, இரண்டையும் அரைக்கண் திறந்தபடி இருக்கச் செய்கிறது.

போன வருடம் பல்லடம் பக்கம் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். “செய்தி வாசிக்கறப்ப நல்லாத்தானுங்ணா இருக்குது, வீணை ஓயறப்ப மட்டும் மண்ணள்ளிப் போட்டாட்டம் நறநறங்குது” என்றார் அங்கிருந்த தம்பி. பாதி விடை அதிலேயே இருந்தது. ஒலி உச்சத்தில் அலையின் தலை வெட்டுப்படுகிற கிளிப்பிங் என்றால், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினால் சரியாகிவிடும். இது இறக்க இறக்க மோசமாகும். அந்தப் படியின் அளவு அப்படியே இருக்க, அலை மட்டும் சிறுத்துப்போகிறது இல்லையா?

பெருக்கியைத் திறந்து, உமிழ்ப்பானில் இருந்த 0.47 ஓம் மின்தடையின் குறுக்கே மீட்டரை வைத்தேன். அந்தப் பெருக்கிக்கு 20 மில்லிஆம்பியர் ஓட வேண்டும், அதாவது மீட்டரில் 9.4 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். அரை மில்லிவோல்ட் கூட இல்லை. பயாஸைச் சரிசெய்யத் திருகும் சின்ன மாறு மின்தடையான பிரீசெட்டின் உள்ளே தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசி படிந்து, நகரும் முள் தடத்தைத் தொடாமல் நின்றிருந்தது. நல்லவேளை, அதை வடிவமைத்தவர் பிரீசெட்டை, பயாஸின் அளவைத் தீர்மானிக்கும் தனி டிரான்சிஸ்டரான பயாஸ் டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் நடுவே வைத்திருந்தார். அங்கே தொடர்பு அறுந்தால் பயாஸ் குறையும், அவ்வளவுதான். ஏற்பான் (கலெக்டர்) பக்கம் வைத்திருந்தால் பயாஸ் எகிறி, கடைசி டிரான்சிஸ்டர்கள் இரண்டும் எரிந்திருக்கும்.

புது பிரீசெட் போட்டு, அதைக் குறைந்த பயாஸ் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்த பிறகுதான் மின்சாரம் கொடுத்தேன். ஒலி எதுவும் கொடுக்காமல் மெதுவாக ஏற்றி, மூடியைப் போட்டு அரை மணி நேரம் சூடேற விட்டு, மறுபடியும் பார்த்துச் சரிசெய்தேன். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கவே கூடாது. ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் அந்த 0.6 வோல்ட் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். பயாஸ் டிரான்சிஸ்டரை, கடைசி டிரான்சிஸ்டர்களின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்கோடு சேர்த்து முடுக்கியிருப்பது அதற்காகத்தான். அதைக் கழற்றித் தனியே தொங்க விட்டால், சூடு ஏற ஏற ஓட்டம் ஏறும், ஓட்டம் ஏற ஏற இன்னும் சூடு ஏறும்.

வெளியே போகும் ஒலியில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பிப் பிழையைத் திருத்தும் எதிர்ப் பின்னூட்டம் இதைச் சரிசெய்துவிடாதா என்று சேலத்து நண்பர் கேட்டிருந்தார். குறைக்கும், முழுக்கப் போக்காது. இரண்டும் ஓய்ந்திருக்கும் அந்த நொடியில் பெருக்கமே இல்லாதபோது, பின்னூட்டம் எதைப் பிடித்துத் திருத்தும்?

சரி, சொல்லுக்கு வருகிறேன். பழுது நடப்பது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வேலை மாறும் இடத்தில். ஆகவே ‘கைமாற்றுத் திரிபு’ என்று முதலில் எழுதினேன். கோபிச்செட்டிபாளையத்து ஆசிரியர் ஐயா உடனே மறுத்தார்: கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன், கடன் வாங்கிய திரிபா இது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஐயா, ‘கைமாறல்’ என்று வைத்தால் அந்தக் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன். ‘தோட்டம் கைமாறிவிட்டது’ என்று எல்லோரும் சொல்கிறோம், அதில் கடன் நினைப்பு வருவதில்லை. ‘முறைமாறல்’ என்றும் யோசித்தேன். கிணற்று முறைக்கு அது கச்சிதம், ஆனால் நம் பக்கத்தைத் தாண்டினால் வழிமுறையை மாற்றுவது என்றே படிப்பார்கள். ‘குலைவு’ வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. அலை குலைந்து போகவில்லை, ஓரிடத்தில் வடிவம் திரிந்திருக்கிறது.

அகராதிக்கு இப்படி எழுதலாம்:

கைமாறல் திரிபு: இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி ஓட்டும் பெருக்கியில், அலை சுழியத்தைக் கடக்கையில் ஒன்று ஓய்ந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் உண்டாகும் வடிவ மாற்றம். மெல்லிய ஒலியில் மிகுந்து கேட்கும். பயாஸ் குறைவதால் வருவது.

ஆசிரியர் ஐயா ஒரு முறை பார்த்துச் சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடலாம். பயாஸுக்குப் பாடநூலில் இருக்கும் ‘சார்பு’ பற்றியும் எனக்குக் குறை உண்டு, அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.