ஐஸ் உருகல் உள்ளுறை வெப்பம் (0 டிகிரி ஐஸ் ஒரு கிராம் அதே 0 டிகிரியில தண்ணியாக வேண்டிய சூடு) 276தான் வருது, மீதி எங்க போச்சு?

பாளை_லேப்:
செம்புக் கலோரிமீட்டரும் (சூட்டை அளக்கிற கிண்ணம்) கலக்கியும் சேர்ந்து 62 கிராம். தண்ணி 120 கிராம், 33 டிகிரி, அறையும் அதேதான். ஐஸ் போட்டு உருகினதும் 14 டிகிரி. மறுபடி எடை போட்டதுல கூடினது 28.5 கிராம். கணக்குப் பாத்தா கிராமுக்கு 276 ஜூல். புத்தகத்துல 334. எங்க தப்பு அண்ணாச்சி?

செம்புக்கிண்ணம்:
தம்பி, கிண்ணத்தை விட்டுட்டீங்க. அதுவும் 19 டிகிரி ஆறி ஐஸுக்குச் சூடு குடுத்திருக்கு. எடை × செம்போட தன்வெப்பம் × இறங்கின டிகிரி: 62 × 0.385 × 19, சுமார் 454 ஜூல். 28.5ஆல வகுத்தா 16. ஆக 292 ஆச்சு.

மீதி 42க்கு எனக்கு முதல் சந்தேகம் ஈர ஐஸ். ஒட்டிக்கிட்டு வர்ற தண்ணி ஏற்கெனவே உருகினது. உள்ளுறை வெப்பம் எதையும் வாங்காது, எடையில மட்டும் ஏறிக்கும். 20 கிராம்ல 1 கிராம் ஈரம் இருந்தாலே 334, 317 ஆயிரும். பொடியா நொறுக்கினா ஈரம் இன்னும் கூடும். நெல்லிக்காய் அளவுக்கு உடைச்சு, வடிதாள்ல ஒத்தி, கை படாம இடுக்கியால போடுங்க.

அதுக்காக ஃப்ரீசர்ல இருந்து நேரா எடுத்தும் போடாதீங்க. மைனஸ் 15ல இருக்கிற ஐஸ் 0க்கு வரவே கிராமுக்கு 31 ஜூல் தின்னும், விடை மேல போயிரும். ஈரம் ஒரு பக்கம் இழுக்க, இது மறுபக்கம் இழுக்க, 334 'அச்சா' வந்த ரெக்கார்டு நோட்டும் உண்டு! சர்பத் கடை பார் ஐஸ் வெளிய கிடந்து கசிய ஆரம்பிச்சிருக்கும், அதுவே நல்லது.

ஆடிச்சாரல்:
33ல தொடங்கி 14க்கு இறக்கினா முழு நேரமும் அறையோட சூடு உள்ள வந்துக்கிட்டேதான் இருக்கும். ரம்ஃபோர்டு முறையில போங்க, அதாவது அறையை விட எவ்வளவு மேல தொடங்குறோமோ அவ்வளவு கீழ முடிக்கிறது; முதல்ல வெளிய போற சூடும் பின்னால உள்ள வர்ற சூடும் ஈடாகிரும்: அறை 33னா 40ல தொடங்கி 26ல முடிக்கணும். 150 கிராம் தண்ணிக்கு 20 கிராம் ஐஸ் சரியா இருக்கும். கடைசித் துண்டு மெதுவாத்தான் உருகும்கிறதால தொடக்கம் ஒரு டிகிரி கூடவே இருக்கட்டும்.

14 டிகிரியில இன்னொரு வம்பு, ஐப்பசி மழைக்காலத்துல ரொம்ப. கிண்ணத்துக்கு வெளிய வேர்க்கும். 0.1 கிராம் படிஞ்சாலே சுமார் 240 ஜூல் உள்ள போகும். துடைக்காம எடை போட்டா அதுவும் ஐஸ் கணக்குல சேரும். ஆடிக்காத்துல ஜன்னலை அடைச்சு, ஃபேனையும் நிறுத்துங்க. இல்லன்னா தராசு நிக்காது.

பாளை_லேப்:
அமில-கார நடுநிலையாக்கலுக்கும் இதே கிண்ணம் போதுமா?

செம்புக்கிண்ணம்:
அமிலத்துக்குச் செம்பு வேண்டாம். தெர்மாக்கோல் கப் நல்லது, ஆனா தமிழ்நாட்டுல 2019 பிளாஸ்டிக் தடைக்கப்புறம் டீக்கடையில ஏது? ரெண்டு பேப்பர் கப்பை ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி அட்டை மூடி போடுங்க.

1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. நடுநிலையாக்கல் வெப்பம் மோலுக்கு 57 கிலோஜூல்னு வச்சா வெப்பநிலை ஏற்றம் 6.8 டிகிரிதான். ஒரு டிகிரி கோடு போட்ட தெர்மாமீட்டர்ல அரை டிகிரி பிசகினா 7 சதவீதம் போச்சு. 0.1 கோடு போட்டது வேணும். காரத்தைக் கரைச்ச சூட்டோட ஊத்தாதீங்க. ராத்திரி முழுக்க ஆற விட்டு, ரெண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்தப்புறம் கலக்குங்க. 30 வினாடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிச்சு, வரைபடம் போட்டு, ஆறும்போது இறங்குற கோட்டைக் கலந்த நேரம் வரைக்கும் பின்னால நீட்டி ஏற்றத்தை எடுங்க.