மாவட்டப் பெயர்கள் திரும்பத் திரும்பத் தோன்றுவதும் எல்லைக்கோடு சிதைவதும்

கேள்வி:
வணக்கம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத் தரவைக் கொண்டு, இணையத்தில் வரைபடம் காட்டும் மேப்லிப்ரே நிரல் வழியாக ஒரு வரைபடம் உருவாக்கி வருகிறேன். மாவட்டங்களைப் பாலிகன்களாக (மூடிய பரப்பு வடிவங்களாக) ஏற்றி அவற்றின் மீதே பெயர்களை எழுதச் செய்தபோது, ஒரே பெயர் மூன்று நான்கு இடங்களில் தோன்றுகிறது. விட்டுவிட்டு வரைந்த எல்லையோ சில இடங்களில் முழுக்கோடாகத் தெரிகிறது. எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1:
வெக்டர் டைலின் (வரைபடத் தரவு பிரித்து அனுப்பப்படும் சதுரக் கட்டத்தின்) விளிம்பில் பாலிகன் வெட்டப்படுவதால், வெட்டுண்ட துண்டு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெயரைப் பெற்றுவிடுகிறது. பெயர்களுக்கென்று தனியாக ஒரு புள்ளி அடுக்கை உருவாக்குங்கள். அதற்குச் சென்ட்ராய்டு (வடிவத்தின் மையப்புள்ளி) வேண்டாம். பிறை போல் வளைந்த மாவட்டத்தில் அது பக்கத்து மாவட்டத்துக்குள் போய் விழக்கூடும். கியூஜிஐஎஸ் மென்பொருளின் 'பாயிண்ட் ஆன் சர்ஃபேஸ்' கருவி தரும் புள்ளி பரப்புக்குள்ளேயே அமையும்.

மறுமொழி 2:
எல்லைக்கோட்டின் சிக்கல் வேறு. அடுத்தடுத்த இரு மாவட்டங்களும் பொது எல்லையைத் தனித்தனியே வரைவதால், ஒன்றின் இடைவெளியை மற்றொன்றின் கோடு நிரப்பிவிடுகிறது. பாலிகன்களைக் கோடுகளாக மாற்றி, இரட்டித்தவற்றை நீக்கிவிடுங்கள். மாநில எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றாகச் செல்லும் இடத்தில், அட்மின் லெவல் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எல்லையின் நிர்வாகப் படிநிலையைக் குறிப்பது) எண் சிறியதாக உள்ள எல்லையையே வைத்துக்கொள்ள வேண்டும். நாட்டின் எல்லைக்கு அந்த எண் 2.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. புள்ளி அடுக்கைச் சேர்த்ததும் ஒவ்வொரு பெயரும் ஒருமுறை மட்டுமே வருகிறது. எல்லைக்கோடுகளை இன்று பிரிக்கத் தொடங்குகிறேன்.