ரெசிடென்சிக்கும் போஸ்ட்டாக்குக்கும் வந்திருக்கும் நம்மவர்களுக்கு: விசாவில் முதல் வருடமே பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் ஜூலையில் ரெசிடென்சி (மருத்துவமனையில் டாக்டர்களுக்கான மேற்பயிற்சி) தொடங்கப் போகிறவர்கள் நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: ஜே1 என்ற பரிமாற்ற விசாவில் வரலாமா, எச்1பி என்ற வேலை விசா கேட்கலாமா? தனித்தனியாகப் பதில் போடுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நான் சென்னையில் பி.எல். முடித்து, அமெரிக்காவில் எல்எல்எம் படித்து, நியூயார்க் பார் தேர்வு எழுதி இந்தத் தொழிலுக்கு வந்தவள். குடியேற்றச் சட்டம் இங்கே மத்திய அரசின் கையில் இருப்பதால், ஒரு மாநிலத்தில் உரிமம் இருந்தாலே நாடு முழுக்க வேலை செய்யலாம். என் கட்சிக்காரர்கள் எல்லாருமே வெளிநாட்டு டாக்டர்கள், ஆராய்ச்சியாளர்கள், அவர்களை எடுக்கிற மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள். இத்தனை வருடமாக நான் பார்த்து வருவது இதுதான்: சிக்கல் கடைசி வருடத்தில் வந்து நிற்கும். ஆனால் அதற்கு வித்திட்ட முடிவு முதல் வருடத்திலேயே எடுக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் எச்ஆர் அனுப்பிய தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை ஏற்பாடு செய்யும் வக்கீல் யாருடைய வக்கீல்? பல சமயம் அவர் இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் ஆஜராவார். ஆனாலும் பில் கட்டுவது மருத்துவமனை, வருடா வருடம் திரும்பி வரப்போவதும் மருத்துவமனை. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்காக மனு போடும்போது உங்கள் வேலை ஒப்பந்தத்தில் உங்களுக்குப் பாதகமான வரி இருந்தால் அதைச் சுட்டிக்காட்டும் இடத்தில் நான் இல்லை. ஆகவே ஒப்பந்தம் என்று வந்துவிட்டால் உங்கள் பணத்தில் உங்களுக்கென்று ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அவர் பெயரை, அவருக்கு உரிமம் தந்த மாநில அமைப்பின் இணையதளத்தில் தேடி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். 'கன்சல்டன்ட்' என்று சொல்லிக்கொண்டு ஃபாரம் நிரப்பித் தருகிறவர்களிடம் போகாதீர்கள்.

சரி, ஜே1-ஆ எச்1பி-யா?

ஜே1 என்றால் ஸ்பான்சர் செய்வது இசிஎஃப்எம்ஜி, அதாவது வெளிநாட்டில் படித்த டாக்டர்களின் தகுதியைச் சரிபார்க்கும் அமைப்பு. ஊரிலிருந்து மத்திய சுகாதார அமைச்சகத்தின் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் நீட்' (இந்தப் பயிற்சி பெற்றவர்கள் நாட்டுக்குத் தேவை என்ற கடிதம்) வேண்டும். இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு அங்குள்ள அமைச்சகத்தின் கடிதம். டிஎஸ்-2019 என்ற ஜே1 தகுதிச் சான்று வருடா வருடம் புதுப்பிக்கப்படும். பயிற்சித் திட்டத்துக்கு வெளியே மூன்லைட்டிங் (கூடுதல் வேலை) கிடையாது, ஒரு நைட் ஷிஃப்ட்கூட. இதையெல்லாம்விடப் பெரியது, பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற 212(இ) விதி. ரெசிடென்சிக்காக ஜே1-ல் வரும் எல்லா டாக்டர்களுக்கும் இது உண்டு. மற்றத் துறைக்காரர்கள் தூதரகம் வழியாக 'ஆட்சேபனை இல்லை' கடிதம் வாங்கி வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது.

எச்1பி கேட்பதற்கு அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இ-யில் ஸ்டெப் 3 முன்னதாகவே முடித்திருக்க வேண்டும். இரண்டு வருட விதி இல்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மொத்தம் ஆறு வருடக் கணக்கு முதல் நாளிலிருந்தே ஓடும். ரெசிடென்சி மூன்று, அதன் பிறகு ஃபெல்லோஷிப் (சிறப்புப் பிரிவுப் பயிற்சி) மூன்று என்றால் கையில் மிச்சம் இல்லை. பல ஃபெல்லோஷிப்புகள் ஜே1 மட்டும்தான் எடுக்கும். இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. பல்கலைக்கழகத்தோடு இணைந்த மருத்துவமனையின் எச்1பி, வருடாந்தர 65,000 + 20,000 உச்சவரம்பில் சேராது. அங்கே பயிற்சி முடித்துவிட்டுத் தனியார் பிராக்டிஸுக்குப் போக நினைத்தால் அன்றைக்கு அந்த உச்சவரம்புக்கான குலுக்கலில், அதாவது லாட்டரியில், நிற்க வேண்டும். ஜே1-ல் வந்து டாக்டர் பற்றாக்குறைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து வெய்வர் (இரண்டு வருட விதியிலிருந்து விலக்கு) வாங்கியவருக்கோ அந்த லாட்டரியே இல்லை. இதோடு, வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாகப் போடும் எச்1பி மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு மருத்துவமனைகளை யோசிக்க வைத்துவிட்டது. உங்கள் மனு அதற்குள் வருமா என்பதை அன்றைய நிலவரப்படி கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், போன வருடம் வந்த சீனியர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், குறைந்தது மூன்று வருடம் சின்ன ஊரில் வேலை செய்யத் தயார் என்பவர்கள் ஜே1-ஐக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அந்த வெய்வரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வேலையில் மனசுக்கு மிக நெருக்கமான பகுதி அதுதான்.

நார்த் டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் 1994-ல் கொண்டுவந்த திட்டம் அது. முதலில் மாநிலத்துக்கு 20 இடம், 2002-ல் 30 ஆனது. அதனால்தான் 'கான்ராட் 30' என்கிறார்கள். டாக்டர் பற்றாக்குறை என்று அரசு அறிவித்த பகுதியில் எச்1பி-யில் மூன்று வருடம் முழுநேரம் வேலை செய்ய ஒப்பந்தம் போட்டால், அந்த மாநிலத்தின் சுகாதாரத் துறை உங்களுக்காகப் பரிந்துரைக்கும். 30-ல் 10 இடங்களை, பற்றாக்குறைப் பகுதிக்கு வெளியே இருந்தாலும் அங்கிருந்து வரும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைக்கும் கொடுக்கலாம். பரிந்துரை போன பிறகு வெளியுறவுத் துறை பார்த்து, கடைசியில் குடியேற்றத் துறை ஒப்புதல் தரும்.

இதில் ஆளைக் கவிழ்ப்பது காலண்டர்தான். மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது, பல மாநிலங்கள் அதை ஒட்டித்தான் விண்ணப்பம் வாங்கத் தொடங்கும். டெக்சாஸ் மாதிரி கிராக்கி உள்ள இடங்களில் சீக்கிரமே நிரம்பிவிடும். அலாஸ்கா, வயோமிங் பக்கம் பெரும்பாலும் இடம் மிஞ்சும். 2026 ஜூலையில் இன்டர்னல் மெடிசின் சேருகிறவர் 2029 ஜூனில் முடிப்பார். அவருடைய வெய்வர் 2028 அக்டோபரில் போக வேண்டும். அதற்கு 2028 ஆகஸ்டுக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். அப்படியானால் வேலை தேடும் காலம் இரண்டாம் வருடத்தின் நடுப்பகுதி. கூடப் படிக்கும் அமெரிக்கர்கள் மூன்றாம் வருடம் நிதானமாகத் தேடுவார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் இருந்துவிடாதீர்கள்.

செப்டம்பர் கடைசியில் எங்கள் அலுவலகத்தில் நடப்பதைச் சொன்னால் புரியும். ஒரு டாக்டருக்கு ஒரு கோப்பு. ஒப்பந்தம், அந்த இடம் பற்றாக்குறைப் பகுதி என்பதற்கான ஆதாரம், இதுவரை வாங்கிய எல்லா டிஎஸ்-2019-களும், எத்தனை மாதமாக உள்ளூர் டாக்டரைத் தேடியும் கிடைக்கவில்லை என்று மருத்துவமனை எழுதும் கடிதம். ஒவ்வொரு தாளிலும் டிஎஸ்-3035 என்ற வெய்வர் விண்ணப்ப ஃபாரத்துக்குக் கிடைத்த கேஸ் எண் இருக்க வேண்டும். பக்கம் பக்கமாகச் சரிபார்ப்போம். பழைய டிஎஸ்-2019 ஒன்றைத் தொலைத்துவிட்டு அந்த வாரத்தில் தேடி அலைகிற டாக்டர் வருடத்துக்கு ஒருவராவது இருப்பார். வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: பாதியில் விலகினால் இவ்வளவு நஷ்டஈடு என்ற வரி, சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் வேலை செய்யக் கூடாது என்ற வரி. இரண்டாவதைப் பல மாநிலங்கள் வெய்வர் ஒப்பந்தத்தில் அனுமதிப்பதில்லை. வெய்வர் கிடைத்து 90 நாளுக்குள் வேலையைத் தொடங்குவதாக ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். மூன்று வருடம் முடியாமல் விட்டுப் போனால் இரண்டு வருட விதி திரும்ப உங்கள் தலையில் ஏறும். மருத்துவமனையே மூடப்பட்டது மாதிரியான காரணம் இருந்தால்தான் வேறு இடத்துக்கு மாற விடுவார்கள். ஆகவே சம்பளத்தை மட்டும் பார்க்காமல் நேரில் போய் இரண்டு நாள் தங்கிப் பாருங்கள். ஆன்-கால் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று அங்கே வேலை செய்கிறவரிடமே கேளுங்கள்.

கான்ராட் மட்டும்தான் வழி என்றில்லை. அப்பலாச்சியப் பகுதி ஆணையம், டெல்டா பகுதி ஆணையம், முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள், மத்திய சுகாதாரத் துறை ஆகியவையும் பரிந்துரைக்கலாம். மாநில இடங்கள் தீர்ந்துவிட்டால் இவற்றைப் பார்ப்போம்.

கணவன் மனைவி இருவரும் டாக்டர்களாக வருவது நம்மிடையே சகஜம். ஒருவர் ஜே1, மற்றவர் அவரைச் சார்ந்து வரும் ஜே2 என்றால் இருவருக்கும் அந்த இரண்டு வருட விதி உண்டு. ஜே1-காரருக்கு வெய்வர் வந்தால் ஜே2-வும் விடுபடுவார். இருவரும் தனித்தனி ஜே1 என்றால் இரண்டு வெய்வர் வேண்டும், அதுவும் ஒரே ஊரில், அல்லது வண்டியில் போய்வரும் தூரத்தில். இது முடியாத காரியமல்ல. இரண்டு இடம் காலியாக இருக்கிற சின்ன ஊர் மருத்துவமனைக்கு நீங்கள் இருவரும் சேர்ந்து வருவது பெரிய வரம். நேர்காணலிலேயே ஜோடியாகத்தான் வருவோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இனி ஆராய்ச்சிக்கு வந்தவர்கள்.

ரிசர்ச் ஸ்காலர் ஜே1-க்கு அதிகபட்சம் ஐந்து வருடம். இடையில் முடித்துவிட்டுப் போனால் அடுத்த 24 மாதம் அதே பிரிவில் திரும்ப வர முடியாது. ஆறு மாத போஸ்ட்டாக்கை (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) ஜே1-ல் ஏற்கும் முன் இதை யோசியுங்கள். எந்த நாட்டுக்காரர்களுக்கு எந்தத் துறையில் இரண்டு வருட விதி உண்டு என்று சொல்லும் திறன் பட்டியலை 2024 டிசம்பரில் திருத்தியபோது இந்தியாவை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள், முன்பே வந்தவர்களுக்கும் இது பொருந்தும். விசாவில் 212(இ) என்று அச்சடித்திருந்தாலும் உங்களுக்கு இப்போது அந்த விதி இல்லாமல் போயிருக்கலாம். அரசு நிதியில் வந்தவர்களுக்கு மட்டும் அது அப்படியே நிற்கும். ஊரில் எம்பிபிஎஸ் முடித்து, இங்கே நோயாளிகளைத் தொடாமல் லேபில் மட்டும் இருப்பவர்கள் ரெசிடென்சி டாக்டர்களின் விதிக்குள் வரமாட்டார்கள்.

கிரீன் கார்டுக்கு ஆராய்ச்சியாளர்கள் வேலை கொடுப்பவர் இல்லாமலே மனு போட இரண்டு வழிகள் உண்டு: அசாதாரணத் திறமைக்கான இபி-1ஏ, மற்றது நாட்டு நலனை வைத்து வேலை வாய்ப்பு நிபந்தனையைத் தளர்த்தும் என்ஐடபிள்யூ. என்ஐடபிள்யூ-வுக்கு 2016-ல் வந்த தனசார் தீர்ப்புதான் அளவுகோல். உங்கள் வேலைக்கு நாட்டளவில் முக்கியத்துவம் உண்டா, அதை நடத்திக் காட்டும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். இங்கே நம் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று. சிபாரிசுக் கடிதத்துக்குக் குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னால், "எங்கள் குழு கண்டறிந்தது", "பேராசிரியரின் வழிகாட்டுதலில் செய்தோம்" என்றே வரும். அடக்கமாக இருக்க வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் அதிகாரிக்குத் தெரிய வேண்டியது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது. அந்த மாடலை எழுதியது நீங்களா? அந்தப் புரதத்தைப் பிரித்தெடுக்கும் முறையை மாற்றியது நீங்களா? அதை இப்போது வேறு எந்த லேப் பயன்படுத்துகிறது? இதை எழுதுவது தற்பெருமை ஆகாது. கூடவே, ஜர்னல்களுக்கு ரிவியூ செய்து கொடுத்ததற்கு வரும் நன்றி மின்னஞ்சல்களை இன்றைக்கே ஒரு ஃபோல்டரில் போடத் தொடங்குங்கள். உங்களோடு சேர்ந்து எழுதாத, உங்கள் கட்டுரையைப் படித்துப் பயன்படுத்திய ஒருவரின் கடிதத்துக்குத் தனி எடை உண்டு.

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு தேதி முக்கியம். கிரீன் கார்டுக்காகப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கென்று தொழிலாளர் துறையில் தனி நடைமுறை இருக்கிறது. உங்களைத் தேர்ந்தெடுத்த 18 மாதத்துக்குள் மனு போனால், கிடைத்தவர்களில் சிறந்தவர் என்று காட்டினாலே போதும். தாண்டினால் மறுபடி விளம்பரம் கொடுத்துத் தேடி, குறைந்தபட்சத் தகுதியுள்ள அமெரிக்கர் யாருமே இல்லை என்று காட்ட வேண்டிவரும். சர்வதேச அலுவலகம் தானாகவே செய்துவிடும் என்று இருக்காதீர்கள், சேர்ந்த மாதமே போய்க் கேளுங்கள். இந்தத் தொழிலாளர் துறை மனுவின் வக்கீல் கட்டணத்தைப் பல்கலைக்கழகம்தான் கட்ட வேண்டும், உங்களிடம் வாங்குவது சட்டப்படி தவறு.

வரிசை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2 (உயர்கல்வி பெற்றவர்களுக்கான கிரீன் கார்டுப் பிரிவு, என்ஐடபிள்யூ இதில்தான் வரும்) வரிசை பத்து வருடத்துக்கும் மேல் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதால் வந்த வினை. ஆனால் கணக்கு பிறந்த நாட்டை வைத்துத்தான், பாஸ்போர்ட்டை வைத்து அல்ல. அப்பா மஸ்கட்டிலோ குவைத்திலோ வேலை பார்த்தபோது அங்கே பிறந்த தமிழர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்திய வரிசை கிடையாது. மனைவியோ கணவரோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால் அவர் பிறந்த நாட்டின் வரிசையில் நீங்களும் சேரலாம். முதல் சந்திப்பில் நான் கேட்கும் முதல் கேள்வியே இருவரும் எங்கே பிறந்தீர்கள் என்பதுதான். மற்றவர்களுக்கு நான் சொல்வது: ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவைச் சீக்கிரம் போட்டால் வரிசையில் உங்கள் தேதி உங்களோடு நிற்கும், வேலை மாறினாலும். இரண்டு வருட விதி ஐ-140-ஐத் தடுக்காது. ஆனால் ஜே1-ல் இருக்கும்போது அதைப் போட்டுவிட்டு ஸ்டாம்பிங்குக்கு (பாஸ்போர்ட்டில் விசா அடிக்க) ஊருக்குப் போனால் தூதரகத்தில் கேள்வி வரும். போவதற்கு முன் வக்கீலிடம் பேசிவிடுங்கள்.

கீழே கமெண்டில் ஒரு தங்கை பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருப்பதைப் பற்றிக் கேட்டிருந்தார். அம்மா, விசா அடிக்கும்போது உங்கள் முழுப்பெயரையும் சர்நேம் கட்டத்தில் போட்டு, முதல் பெயருக்கு 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டுவிடுவார்கள். பிறகு சோஷியல் செக்யூரிட்டி, மெடிக்கல் லைசென்ஸ் எல்லாவற்றிலும் அதுவே தொடரும். இன்னும் விசா வாங்கவில்லை என்றால் பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் போட்டு வாங்குங்கள், இசிஎஃப்எம்ஜி பதிவையும் அதற்கேற்ப மாற்றுங்கள். எம்பிபிஎஸ் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதே என்று ஒரு அஃபிடவிட் ஊரிலிருந்தே எடுத்து வந்தால் நல்லது. பிறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். பெயர் எழுதாமல் வெறும் 'ஆண்', 'பெண்' என்று பதிந்த பழைய சான்றிதழ்கள் நிறைய உண்டு. பதிவு இருக்கும் அலுவலகத்தில் பெற்றோர் போய்ப் பெயர் சேர்க்கலாம். பதிவே இல்லையென்றால் இல்லை என்று சான்று வாங்கி, பள்ளிச் சான்றிதழ், உறவினர் இருவரின் அஃபிடவிட் சேர்த்து வைக்க வேண்டும். அம்மா அப்பா ஊரில் நடமாட்டத்தோடு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.