சர்க்யூட் சிமுலேஷனுக்கு எதை எடுத்தீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்கிறவர்கள் எந்த மென்பொருளில் சோதித்துப் பார்க்கிறீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

நான் முதலில் எடுத்தது எல்டிஸ்பைஸ். இலவசம், எவ்வளவு பெரிய சர்க்யூட் வேண்டுமானாலும் வரையலாம். எல்லோரும் செய்கிற இரண்டு எல்ஈடி பிளிங்கரைத்தான் போட்டேன்: இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர், இரண்டு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கு 47 கே ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி. பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைக் குத்திப் பார்க்கும் பலகை) விநாடிக்கு ஒன்றரை தடவை மின்னிக்கொண்டிருந்த அதே சர்க்யூட் திரையில் அசையவே இல்லை. இரண்டு டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலிலும் வோல்டேஜ் நேர்கோடு. மூன்று தடவை அழித்து வரைந்தேன். ஒரு ராத்திரி முழுக்கப் போயிற்று.

நான் வரைந்ததில் தப்பில்லை. சிமுலேட்டருக்குள் இரண்டு டிரான்சிஸ்டரும் அச்சு அசலாக ஒன்றேதான். எது முந்துவது என்று தீர்மானிக்க எதுவும் இல்லாததால் இரண்டும் சேர்ந்தே ஆன் ஆகி அப்படியே நின்றுவிட்டன. கடையில் ஒரே பட்டியிலிருந்து கத்தரித்துத் தரும் பிசி547 இரண்டு கூட ஒன்றுபோல இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசம்தான் நிஜத்தில் சர்க்யூட்டை உசுப்பிவிடுகிறது. ஒரு பேஸ் மட்டும் 0 வோல்ட்டில் தொடங்கட்டும் என்று ‘டாட் ஐசி’ கட்டளை ஒன்றைச் சேர்த்ததும் ஓடியது.

அப்புறம் இதையே ஃபால்ஸ்டாடில் பார்த்தேன். பிரவுசரிலேயே ஓடும். மின்னோட்டம் கம்பிக்குள் மஞ்சள் புள்ளிகளாக ஊர்ந்து போகும். ஒரு டிரான்சிஸ்டர் ஆன் ஆகிற கணத்தில் எதிர்ப்பக்கத்து பேஸ் கம்பி சட்டென்று சிவப்பாகிறது, அதாவது வோல்டேஜ் சுழியத்துக்குக் கீழே போகிறது. பிறகு மெல்ல மெல்ல ஏறி வருகிறது. எத்தனையோ தடவை படித்த விஷயம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதனால் இப்போதும் புரிந்துகொள்ள ஃபால்ஸ்டாட், அளந்து பார்க்க எல்டிஸ்பைஸ்.

* * *

எல்டிஸ்பைஸ் எடுக்கிறவர்கள் கவனிக்க: 1 மெகா ஓமுக்கு ‘எம்’ என்று போடாதீர்கள், அது மில்லி ஓம் ஆகிவிடும். ‘எம்ஈஜி’ என்று போடவேண்டும். கெப்பாசிட்டரில் ஃபாரட் என்று நினைத்து ‘எஃப்’ சேர்த்தால் ஃபெம்டோ. எல்டிஸ்பைஸுக்கு அடிப்படையான ஸ்பைஸ் என்ற புரோகிராம் 1973இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் அதற்குக் கிடையாது. அந்த வழக்கம் இன்னும் தொடர்கிறது. என் டச் சுவிட்ச் இரண்டு நாள் படுத்திருந்தது இதனால்தான்.

* * *

என் அனுபவம் வேறு மாதிரி. சிமுலேட்டரில் அருமையாக ஓடியது, நிஜத்தில் கவிழ்ந்தது.

எல்எம்35 என்ற வெப்ப சென்சார் வைத்து அறை வெப்பமானி செய்தேன். டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும். அதை எல்எம்358 ஆப்ஆம்ப்பில் (வோல்டேஜைப் பெருக்கும் ஐசி) பத்து மடங்கு பெருக்கி, 5 வோல்ட் சப்ளையில், 50 டிகிரி வரை காட்டவேண்டும். எல்டிஸ்பைஸில் கைக்கு வந்த யுனிவர்சல் ஆப்ஆம்ப்பைப் போட்டுப் பார்த்தேன். கோடு 5 வோல்ட் வரை சீராக ஏறியது. சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கி, சால்டர் செய்து மாட்டியாயிற்று. மே மாதம் மொட்டைமாடி அறை கொதிக்கிறது, மீட்டர் 36ஐத் தாண்ட மறுக்கிறது. சென்சார் போலி என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் 36தான்.

எல்எம்358இன் அவுட்புட் சப்ளைக்கு ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும். டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. தயாரிப்பாளர் தளத்திலிருந்து அந்த ஐசியின் ஸ்பைஸ் மாடலை (நிஜ பாகம் எப்படி நடந்துகொள்ளும் என்று சிமுலேட்டருக்குச் சொல்லும் ஃபைல்) எடுத்துச் சேர்த்ததும் சிமுலேட்டரிலும் கோடு அதே இடத்தில் தட்டையானது. பெருக்கத்தை ஐந்தாகக் குறைத்தேன், சரியாகிவிட்டது. என்னைக் கேட்டால் எந்த மென்பொருள் என்பதைவிட, நீங்கள் வாங்கப்போகும் பாகத்தின் மாடல் அதில் ஓடுமா என்பதை முதலில் பாருங்கள். பிசிபியும் (பாகங்களைச் சால்டர் செய்யும் சர்க்யூட் பலகை) வடிவமைப்பதாக இருந்தால் கிகேட் என்ற மென்பொருள் நல்லது. 2018இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து என்ஜிஸ்பைஸ் என்ற சிமுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது.

* * *

மேலே அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஸ்பைஸில் எதுவும் எரியாது. 12 வோல்ட்டை 5 ஆக்க ஜீனர் டயோடும் பிடி139 டிரான்சிஸ்டரும் போட்டு 400 மில்லிஆம்ப் இழுத்தேன். திரையில் 5 வோல்ட் அழகாக வந்தது. மேஜையில் டிரான்சிஸ்டரைத் தொட்ட விரல் கொப்பளித்தது. 2.8 வாட், ஹீட்சிங்க் இல்லாமல் அது தாங்குவது 1.25 வாட்தான். எல்டிஸ்பைஸில் ஆல்ட் கீயை அழுத்தியபடி பாகத்தின்மேல் போனால் கர்சர் தெர்மாமீட்டராக மாறும். கிளிக் செய்தால் எத்தனை வாட் என்று வரைந்து காட்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் அதைப் பார்க்காமல் நான் இப்போது சால்டரிங் அயர்னைத் தொடுவதில்லை.

ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளின் புரோகிராமை ஓட்டிப் பார்க்க வோக்வி என்ற சிமுலேட்டர் போதும். பிள்ளைகளுக்கு டிங்கர்கேட் என்ற சிமுலேட்டர். எட்டாவது படிக்கும் என் மகள் அதில் எல்ஈடியை நேராக 9 வோல்ட் பேட்டரியில் மாட்டினாள். எல்ஈடி மேல் வெடித்த மாதிரி படம் வந்தது. “ஏம்பா இப்படி ஆச்சு?” என்றாள். 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் போடச் சொன்னேன். அன்று மாலையே நிஜ எல்ஈடி வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.