வீடு கட்ட மூன்று பேர் தொகை சொல்லியிருக்கிறார்கள், யாரிடம் வேலையைக் கொடுப்பது?

மனைவாசல்:
வணக்கம். மனை, பிளான் இரண்டும் தயார். ஒரு கான்ட்ராக்டர் ஒரே தாளில் சதுர அடிக்கு இவ்வளவு என்று எழுதித் தந்தார். மூவரில் இவர்தான் குறைவு. இன்னொருவர் தந்தது 11 பக்கம், தொகையும் கூடுதல். மூன்றாமவர் அப்பாவுக்குப் பழக்கம். "நம்ம வீடு மாதிரி பார்த்துக்கிறேன்" என்கிறார், எழுத்தில் எதுவும் இல்லை. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், தினமும் சைட்டில் நிற்க முடியாது. எதை வைத்து முடிவெடுப்பது?

மாடிப்படி:
பாதியில் கான்ட்ராக்டரை மாற்றியவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் ஆள் தான் முடித்துக் கொடுத்த வீட்டைக் காட்டினார். பெயின்ட்டையும் டைல்ஸையும் பார்த்து மயங்கிவிட்டேன். என் வீட்டு ரூஃபுக்குக் கம்பி கட்டிய அன்று போனால், கம்பி அப்படியே சென்ட்ரிங் பலகை மேல் படுத்துக் கிடக்கிறது. கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்த அடியில் வைக்கும் சின்னக் கட்டை, அதான் கவர் பிளாக், ஒன்றுகூட இல்லை. கேட்டதற்கு, "காங்கிரீட் போடும்போது தூக்கி விட்டுக்கலாம் சார்" என்றார் மேஸ்திரி. ஸ்லாபில் கம்பிக்கு அடியில் 20 மி.மீ. காங்கிரீட்டாவது மூடியிருக்க வேண்டும், அதைத்தான் கவர் என்பார்கள். இல்லையென்றால் துரு ஏறி, கம்பி உப்பி, சீலிங் பெயர்ந்து விழும். அன்றே வேலையை நிறுத்தினேன்.

அடுத்தவரிடம் முடிந்த வீட்டைக் கேட்கவே இல்லை. வேலை நடக்கிற சைட் எங்கே என்று விசாரித்து, சொல்லாமல் ஒரு வேலைநாள் காலையில் போனேன். சிமென்ட் மூட்டை தரையில் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கியிருந்தது. பலகை பிரித்த தூண்களில் சாக்கு சுற்றியிருந்தார்கள். காங்கிரீட் நன்றாக இறுக ஈரம் காயாமல் இருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தேன், சொட்டச் சொட்ட ஈரம். யாரும் பார்க்காத நேரத்தில் தண்ணீர் விடுகிற ஆளிடம்தான் வீட்டைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. அவரிடம்தான் கொடுத்தேன்.

உங்கள் 11 பக்கத்தையும் பொறுமையாகப் படியுங்கள். அப்புறம் அந்த ஒற்றைத்தாள்காரரிடம், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். குறைவு என்பது அங்கேயே மாறிவிடலாம்.

கம்பிக்கணக்கு:
நான் சைட் எஞ்சினியர். தினமும் நிற்க முடியாது என்றால், கான்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத ஒரு எஞ்சினியரை முக்கியமான நாட்களுக்கு மட்டும் அமர்த்துங்கள். "கம்பியை அவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் காங்கிரீட் போடக்கூடாது" என்று அக்ரிமென்ட்டில் எழுதுங்கள். போடுகிற காங்கிரீட்டிலேயே 150 மி.மீ. கியூப் (கனசதுரக் கட்டி) வார்த்து எடுத்து, அதன் வலுவை 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சோதிக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். பணம் ஒருபோதும் வேலைக்கு முன்னால் ஓடக் கூடாது: அஸ்திவாரம், லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் காங்கிரீட் பட்டை), ரூஃப், பூச்சு என்று அந்தந்தக் கட்டம் முடிந்த பிறகு கொடுங்கள். கடைசியில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, ஒரு மழைக்காலம் தாண்டியதும் தருவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.

மனைவாசல்:
நன்றி. அப்பாவின் நண்பரிடம் எழுத்தில் கேட்டால் வருத்தப்படுவாரோ என்றுதான் தயங்குகிறேன்.

மாடிப்படி:
அப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். பாதி வீட்டில் வரும் மனக்கசப்பைவிட இப்போது வரும் சங்கடம் சின்னது. எனக்கும் முதல் ஆள் சொந்தக்காரர் மூலம் வந்தவர்தான். இன்னும் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை.

மனைவாசல்:
சரி, அப்பாவிடம் இன்று பேசுகிறேன். செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, 11 பக்கக்காரரின் சைட்டுக்குச் சொல்லாமல் போகிறேன். பார்த்ததை வந்து எழுதுகிறேன்.