பாதியில் நிற்கும் 1930 ஃபோர்டு மாடல் ஏ கூப்பே: 8,000 டாலரில் ஓட வைக்க முடியுமா?

மெக்கானிக்ஸ்பர்க்_கூப்பே:

எல்லோருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில், மெக்கானிக்ஸ்பர்க்கில் இருக்கிறேன். பிழைப்பு கணினியில். கையில் கிரீஸ் படுவது சனி, ஞாயிறு மட்டும்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் ஷெட்டில் 1930 மாடல் ஏ கூப்பே ஒன்று 1988-லிருந்து பாதி வேலையோடு நிற்கிறது. ஸ்ட்ரீட் ராட் (பழைய காரில் புது எஞ்சின், பிரேக் எல்லாம் வைத்து மாற்றிக் கட்டும் வண்டி) ஆக்க ஆசைப்பட்டு ஆரம்பித்தது. பழைய நாலு சிலிண்டரை இறக்கிவிட்டு ஷெவி 350 வி8-ஐயும் டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் சேஸிஸில் உட்கார வைத்திருக்கிறார். அதற்குள் அவர் வீட்டம்மாவுக்கு உடம்பு படுத்துவிட்டது. வேலை அப்படியே நின்றுபோனது.

இந்தத் தெருவுக்கு நாங்கள் வந்து 11 வருஷம். பனிக்காலத்தில் எத்தனையோ ராத்திரி அந்த ஷெட்டில் கெரசின் ஹீட்டர் பக்கத்தில் அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். "பனி உருகட்டும், ஆரம்பிச்சிடலாம்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். அவர் மகள் 5,500 டாலருக்கு எனக்கே கொடுத்துவிட்டார். அதைவிட அதிகமாகக் கேட்ட ஆட்கள் இருந்தும் கொடுக்கவில்லை.

இருப்பது: ஒரிஜினல் இரும்பு பாடி. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் துரு, மற்றபடி திடமாக இருக்கிறது. கூரையின் மரச்சட்டம் உளுத்துவிட்டது. சேஸிஸின் சி-வடிவப் பட்டைகளைத் தகடு வைத்து மூடி அவரே வெல்டிங் செய்திருக்கிறார். முன்னால் தாழ்த்திய ஐ-பீம் ஆக்ஸில், ஷெவி வேகா காரின் ஸ்டீரிங் பாக்ஸ், பிரிக்காத டிஸ்க் பிரேக் கிட். பின்னால் இன்னும் பழைய மாடல் ஏ ஆக்ஸில்தான். ஒயரிங் ஒன்றுமே இல்லை.

நட்டு போல்ட்டெல்லாம் காபி டப்பாக்களில். 43 டப்பா. ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பென்சிலில் எழுதியிருக்கிறார்: "இடது கதவு, மேல் கீல், ஷிம் 2", "ரேடியேட்டர் ஷெல், மரை தேய்ந்தது, மாற்று." அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் அந்த மனுஷர் இப்போதுதான் எழுந்து உள்ளே போன மாதிரி இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு 8,000 டாலர் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். பெயின்ட் கடையில் விசாரித்தேன், அவர்கள் கேட்பதே 9,000. பாடிக்குப் பெயின்ட் அடித்துவிட்டால் ஒரு உருவம் வரும், எனக்கும் உற்சாகம் வரும் என்று தோன்றுகிறது. பழைய எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்கிறார் நண்பர் ஒருவர். பணத்தை முதலில் எதில் போடுவது?

ஃப்ளின்ட்_லேத்:

தம்பி, பெயின்ட்டை மறந்துவிடுங்கள். துருவை வெட்டி எடுத்துத் தகடு வைத்த இடத்தில் எப்பாக்ஸி பிரைமர் அடித்துவிட்டு அப்படியே ஓட்டலாம். சாதாரண பிரைமரை அடித்து விட்டுவிடாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சும், அடியில் மறுபடி துரு பிடிக்கும். பளபளப்பாகப் பெயின்ட் அடித்து நிறுத்திய வண்டி, பிறகு பிரேக் குழாய்க்காக ஒரு தரம், ஒயருக்காக ஒரு தரம் என்று பாடியைத் தூக்கித் தூக்கி ஓரமெல்லாம் பெயர்ந்து நிற்பதை இங்கே மிஷிகனில் நிறையப் பார்த்துவிட்டேன்.

காசு செலவழிக்கும் முன்னால் டைட்டிலை, அதாவது வண்டியின் உரிமைப் பத்திரத்தை, எடுங்கள். மாடல் ஏ-யில் எஞ்சின் நம்பர்தான் வண்டி நம்பர். அதையே சேஸிஸின் இடது பட்டையின் மேல்புறத்திலும் பொறித்திருப்பார்கள், பாடியின் முன்பகுதி அதை மறைத்திருக்கும். பாடி போல்ட்டுகளைத் தளர்த்தி இரண்டு அங்குலம் தூக்கினால் தெரியும். உங்களிடம் பழைய எஞ்சின் இல்லை. ஆகவே டைட்டிலில் உள்ள நம்பர் பட்டையில் இருந்தால்தான் நிம்மதி. உங்கள் மாநிலத்தில் 1948 வரையிலான மாடல்களை மாற்றிக் கட்டினால் ஸ்ட்ரீட் ராட் என்று தனியாகப் பதிவு உண்டு, அதற்கென்று கூடுதல் சோதனையும் உண்டு. பாகம் வாங்கும் ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

எஞ்சினைத் தூக்கிப் போடாதீர்கள். நான் எஞ்சின் தொழிற்சாலையில் 27 வருஷம் இருந்தவன், அந்த 350 லேசில் சாகாது. பிளாக்கின் பின்விளிம்பில் 3970010 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எழுபதுகளின் நல்ல பிளாக். எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் (ஏடிஎஃப்) விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்பக்க கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டுக் கையால் திருப்புங்கள். இறுகினால் வம்பு பண்ணாதீர்கள், இன்னும் இரண்டு நாள் விடுங்கள். சுற்றிவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு, அந்த ஓட்டை வழியாக டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றி, மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர் வரைக்கும் ஆயில் ஏறுவதைக் கண்ணால் பாருங்கள். அதற்கு முன் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் புதிது என்றால் ஓடத் தொடங்கியதும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம் சுற்றில் 20 நிமிஷம், துத்தநாகம் சேர்த்த ஆயிலோடு.

பின் ஆக்ஸில் மாற்றியே ஆக வேண்டும். ஃபோர்டு அதைச் செய்தது 40 குதிரைத்திறனுக்கு. பழைய இரும்புக் கடையில் 1995-லிருந்து 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம்) பின் ஆக்ஸில் தேடுங்கள், டிஸ்க் பிரேக்கோடு வரும். அதில் ஒரு பக்கக் குழாய் நீளம். அதை வெட்டிக் குறைத்து, இரண்டு பக்கமும் குட்டை ஷாஃப்டையே போட்டால் அகலமும் குறையும், கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு சேரும் பினியனும் நடுவுக்கு வரும். இரண்டாவது ஷாஃப்டை இன்னொரு வண்டியில் கழற்றிக்கொள்ளலாம்.

ஹூஸ்டன்_வெல்டிங்:

வணக்கங்க. எனக்குக் கார் பழக்கமில்லைங்க, குழாய் வெல்டிங் சோதிக்கிறது என் வேலை. ஃப்ளின்ட் ஐயா சொன்ன ஆக்ஸில் வெட்டுற வேலையை மட்டும் வீட்டுல செய்யாதீங்க. உள்ளே நேர்கம்பி வெச்சு நிமிர்த்திப் பிடிக்கிற வசதி இருக்கிற மெஷின் ஷாப்ல கொடுங்க. சூட்டுல குழாய் கொஞ்சம் கோணினாலும் பேரிங் தாங்காது.

நீங்க சொன்னதுல எனக்குப் பயம் கொடுத்தது அந்தப் பெரியவர் தானே வெல்டிங் செஞ்ச சேஸிஸ்தானுங்க. மேலே மணி மணியா அழகா இருக்கும், உள்ளே ஒட்டியே இருக்காது. சாயச் சோதனை செய்யுங்க. மூணு ஸ்ப்ரே டப்பா, அதிகச் செலவில்லை. பெயின்ட், துரு, கிரீஸ் எல்லாம் போகத் தேய்ச்சு, முதல் டப்பா கிளீனர்ல துடைச்சுக் காயவிடுங்க. சிவப்புச் சாயத்தை அடிச்சுப் பத்து நிமிஷம் விடுங்க. துணியில கிளீனரை நனைச்சுத் துடைங்க, நேரா மேலே அடிச்சுடாதீங்க, விரிசலுக்குள்ள போன சாயமும் வந்துடும். கடைசியா வெள்ளை டெவலப்பரை லேசா அடிங்க. விரிசல் இருந்தா வெள்ளையில சிவப்புக் கோடு ஊறி வரும்.

மேல்பரப்புக்குத் திறந்திருக்கிற விரிசலைத்தான் இது காட்டும். அதனால எஞ்சின் மவுண்ட், ஸ்டீரிங் பாக்ஸ் தகடு, பிரேக் பெடல் தாங்கி, இந்த மூணையும் ஒரு நல்ல வெல்டர்கிட்டயும் காட்டிடுங்க. அதுக்குப் பணம் எடுத்து வெச்சுட்டு அப்புறம் மத்ததைப் பாருங்க.

ஸ்காபரோ_கராஜ்:

தம்பி, நான் ஸ்காபரோவில 19 வருசமா கராஜ் வச்சிருக்கிறன். ஓடுறதுக்கு முதல் நிக்க வேணும். உங்கட பிறேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிக்க பிறேக் ஒயிலைத் தள்ளுறது) ஃப்ளோருக்குக் கீழதான் வரும் எண்டு நினைக்கிறன், மாடல் ஏ-க்கு அதுதான் வழமை. அப்பிடியெண்டா அது கலிப்பரை (சில்லில டிஸ்க்கைப் பிடிக்கிற பகுதி) விடக் கீழ நிக்கும், பிறேக் ஒயில் திரும்பி வடிஞ்சு வந்திடும். முதல் மிதியில பெடல் தரையில போய் முட்டும். அதுக்குத்தான் லைனில கொஞ்ச அழுத்தத்தை விடாமப் பிடிச்சு வைக்கிற எச்ச அழுத்த வால்வு போடுறது. குழாய்க்குச் சாதாரண செம்பு வேண்டாம். செம்பு-நிக்கல் குழாய் வாங்கி, முனையை ரெட்டை மடிப்பா விரிச்சு எடுங்கோ. ஒயரிங் கிட் சின்னதா ஒண்டு போதும், ஆனா எர்த் மூண்டு இடத்தில வேணும்: பட்டறியில இருந்து எஞ்சின், எஞ்சினில இருந்து சேஸிஸ், சேஸிஸில இருந்து பொடி.

மெக்கானிக்ஸ்பர்க்_கூப்பே:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். மூவருக்கும் நன்றி.

நம்பர் கிடைத்தது. பாடியை மரக்கட்டை வைத்துத் தூக்கி, கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தபோது முதலில் "A" தெரிந்தது, பிறகு ஒவ்வொரு எண்ணாக வந்தது. டைட்டிலோடு அப்படியே ஒத்துப்போகிறது. பிளாக்கும் 010-தான்.

எஞ்சின் மூன்றாம் நாள் சுற்றியது. முதலில் கால் அங்குலம், அப்புறம் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு முழுச் சுற்று. என் மகள் பிளக் ஓட்டையில் விரலை வைத்திருந்தாள், காற்று தள்ளியதும் கத்திவிட்டாள். 1987 தேதியிட்ட மெஷின் ஷாப் ரசீதும் ஒரு காபி டப்பாவில் கிடைத்தது. முழுக்க ரீபில்ட் செய்த எஞ்சின், ஒரு நாளும் ஓடியதில்லை. புது எஞ்சின் பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு இடத்தில் ஏமாந்தேன். ஃப்ளெக்ஸ் பிளேட்டில் (எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கும், ஸ்டார்ட்டர் கடித்துச் சுற்றும் பல்தட்டு) பற்கள் உடைந்திருந்தன. பழைய பாகச் சந்தையில் ஒருவர் "எந்த 350-க்கும் பொருந்தும்" என்று சொல்ல, 40 டாலருக்கு வாங்கி வந்தேன். கிராங்க் போல்ட் துளைகளே ஒத்துவரவில்லை. கிராங்கின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் 1986-லிருந்து ஒரே துண்டாக வந்தது, அதோடு துளை வட்டமும் சிறிதாகிவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. என்னுடையது இரண்டு துண்டு சீல். அந்த 40 போனது போனதுதான்.

சாயச் சோதனைதான் மனசைப் பிசைந்தது. 22 இடத்தில் அடித்தோம். இருபதில் வெள்ளை அப்படியே இருந்தது. டிரைவர் பக்க எஞ்சின் மவுண்ட்டில் முதலில் ஒரு புள்ளி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் பிடித்தாற்போல் ஓரத்தோடு சிவப்புக் கோடு. வேகா பாக்ஸ் தகட்டிலும் ஒன்று. அவர் வேலையை கிரைண்டர் வைத்து அறுக்க எனக்குக் கை வரவில்லை. கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். மறுநாள் அவர் மகளிடம் சொன்னேன். "அந்த மவுண்ட்டைப் போட்ட வருஷம்தான் அப்பாவுக்குக் கண் புரை. திரும்பப் போடணும்னு சொல்லிட்டே இருந்தார்" என்றார். மவுண்ட் போல்ட் டப்பாவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். டேப்பின் மடிந்த ஓரத்துக்குள் "மறுபடி வெல்ட்" என்று இருந்தது. அதன் பிறகு அறுத்தேன். சான்றிதழ் உள்ள வெல்டர் ஒருவர் இரண்டையும் 350 டாலருக்குப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸில் 225, இரண்டாவது ஷாஃப்ட் 45, மெஷின் ஷாப் 400. இதுவரை மொத்தம் 1,400 சொச்சம். கூரை மரத்தை நானே செய்கிறேன், என் அப்பா தச்சர்.

ஒரு கேள்வி. பெரியவரின் பிரேக் கிட்டில் பிரிக்காத எச்ச அழுத்த வால்வு இரண்டு இருக்கின்றன. முன்னால் போட 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), பின்னால் போட 10 பிஎஸ்ஐ. அப்படியே மாட்டிவிடலாமா?

ஸ்காபரோ_கராஜ்:

மாட்டாதேங்கோ தம்பி! அவர் பின்னுக்கு டிரம் பிறேக் போட நினைச்சு வாங்கியிருக்கிறார். 10 டிரம்முக்கு மட்டும்தான். உங்களுக்கு இப்ப பின்னுக்கும் டிஸ்க். 10-ஐப் போட்டா பாட் எப்பவும் டிஸ்க்கைப் பிடிச்சுக்கொண்டே நிக்கும், நாலு மைல் போகேக்குள்ள புகைக்கும். இன்னொரு 2 வாங்கி ரெண்டு லைனுக்கும் 2 போடுங்கோ. மாஸ்டர் சிலிண்டரும் டிரம்முக்கு உரியது எண்டா உள்ளுக்கே ஒரு வால்வு இருக்கலாம், அதையும் பாத்துக் கழட்டுங்கோ. பின் லைனில திருகி அழுத்தம் குறைக்கிற வால்வு ஒண்டும் வேணும், இல்லாட்டி மழையில பின் சில்லு முதல் பூட்டிக்கொள்ளும். எக்ஸ்ப்ளோரர் டிஸ்க்குக்கு உள்ள ஹாண்ட் பிறேக்குக்கெண்டு சின்ன டிரம் ஒண்டு இருக்கு, அதின்ர கேபிளை எறிஞ்சிடாதேங்கோ.

எல்லாம் பூட்டின பிறகு நாலு சில்லையும் தூக்கி நிறுத்தி, பெடலை நல்லா மிதிச்சு விட்டிட்டு ஒவ்வொரு சில்லாக் கையால சுத்திப் பாருங்கோ. லேசா உரசுற சத்தம் கேட்டாப் பறவாயில்லை. சுத்தாமப் பிடிச்சுக்கொண்டு நிண்டா, ஓட்டாம எனக்கு எழுதுங்கோ.