பைப்லைன் போர்டில் ஆள் தேடியே நாள் போகிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பொம்மனஹள்ளி_பாரதி:

வணக்கம். பெங்களூரில் ஒரு நடுத்தர ஐ.டி. கம்பெனியில் ரெக்ரூட்டராக இருக்கிறேன். இத்தனை காலம் எக்செல் ஷீட்டில்தான் ஓட்டினோம். இப்போது புது ரெக்ரூட்மென்ட் சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம். டெமோவில் பார்க்க ஜோராக இருந்தது. அதில் பைப்லைன் போர்டு என்று ஒரு திரை. விண்ணப்பித்த ஒவ்வொருவரும் ஒரு கார்டு, தேர்வின் எந்தக் கட்டத்தில் (ஸ்டேஜ்) இருக்கிறாரோ அதற்குரிய வரிசையில் நிற்பார்.

பேக்கெண்ட் ஜாவா வேலைக்கு ஸ்கிரீனிங் ஸ்டேஜில் மட்டும் முந்நூறு கார்டு நிற்கிறது. ஒருவரைத் திறந்து ரெஸ்யூமைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தால் போர்டு மறுபடி மேலிருந்து தொடங்குகிறது, போட்ட ஃபில்டரும் காணாமல் போகிறது. எங்கே விட்டேன் என்று உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம், ஒரே ஆள் இரண்டு வேலைக்கு விண்ணப்பித்தால் ஒரு இடத்தில் ரிஜெக்ட், இன்னொரு இடத்தில் இன்டர்வியூ என்று காட்டுகிறது. "ரிஜெக்ட் ஆன ஆளுக்கு ஏன் போன் போட்டாய்?" என்று மேனேஜர் கேட்கிறார்.

எல்லாவற்றையும்விட மோசம் கடைசி ஸ்டேஜ்தான். ஆஃபரை ஏற்றுக்கொண்டதும் "ஹயர்டு" என்று மாற்றுகிறோம், ஆள் போர்டிலிருந்தே மறைந்துவிடுகிறார். 90 நாள் நோட்டீஸ் பீரியடில் வேறு ஆஃபர் வாங்கிக்கொண்டு போனவர்களை, சேர வேண்டிய நாளன்று போன் எடுக்காதபோதுதான் தெரிந்துகொள்கிறோம். பேசாமல் எக்செலுக்கே திரும்பிவிடலாமா?

கோரமங்களா_சிவா:

கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு பெயரைக் கிளிக் பண்ணுங்கள். புது டேபில் திறக்கும், போர்டு அப்படியே இருக்கும். அவ்வளவுதான்.

அல்சூர்க்காரி:

சிவா சொன்னது பத்துப் பேருக்குச் சரி. முந்நூறு பேருக்கு முந்நூறு டேப் திறந்தால் லேப்டாப் அழுதுவிடும்.

பாரதி, போர்டு மேனேஜருக்குக் காட்டத்தான் லாயக்கு. நான் அதைத் திறப்பதே திங்கட்கிழமை மீட்டிங்கில்தான். மற்ற நேரமெல்லாம் லிஸ்ட் வியூ. வேலை, ஸ்டேஜ் இரண்டையும் ஃபில்டர் செய்து, "இந்த ஸ்டேஜில் எத்தனை நாள்" என்ற நெடுவரிசையை வைத்து, அதிக நாள் காத்திருப்பவர் மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். அதை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். சேவ் வசதி இல்லையென்றால், ஃபில்டர் போட்டதும் மேலே முகவரி மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அதையே புக்மார்க் செய்துகொள்ளலாம். லிஸ்டிலிருந்து முதல் ஆளைத் திறந்தால், ப்ரொஃபைலின் மேல் ஓரத்தில் முன், பின் அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் நீங்கள் ஃபில்டர் செய்த வரிசையிலேயே அடுத்தவர் வருவார், திரும்பிப் போகவே வேண்டாம். புது டேபில் திறந்தால் பல சாஃப்ட்வேரில் இந்த அம்புக்குறி வராது.

ஸ்கிரீனிங்கில் முந்நூறு பேர் நிற்கிறார்கள் என்றால் அது ஸ்டேஜ் இல்லை, குடோன். ஒவ்வொரு ஸ்டேஜையும் பார்த்து "அடுத்து யார் கையில் இருக்கிறது?" என்று கேளுங்கள். ரெஸ்யூமைப் பார்க்க வேண்டியது நீங்கள். போன் எடுக்காமல் இருப்பது கேண்டிடேட். அனுப்பிய ரெஸ்யூமுக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது மேனேஜர். மூன்றும் ஒரே பெட்டியில் இருந்தால் யாரைத் துரத்துவது? பிரியுங்கள். அதற்காக "ஓசூரிலிருந்து வருகிறார்", "ஹைப்ரிட் மட்டும்" என்பதற்கெல்லாம் ஸ்டேஜ் வைக்காதீர்கள், அவை டேகுக்கு, அதாவது பெயரோடு ஒட்டிவைக்கும் சின்னக் குறிப்புக்கு, உரியவை. "ஹோல்டு" என்று ஒரு ஸ்டேஜ் வைக்கவே வைக்காதீர்கள். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ரிஜெக்ட் குழப்பம் சாஃப்ட்வேர் தப்பு இல்லை. ஆள் வேறு, அவர் போட்ட விண்ணப்பம் வேறு. ஸ்டேஜ் விண்ணப்பத்தோடுதான் ஒட்டியிருக்கும். கிரீன்ஹவுஸ் என்ற ரெக்ரூட்மென்ட் சாஃப்ட்வேரில் அதை அப்ளிகேஷன் என்பார்கள், லீவர் என்ற இன்னொன்றில் ஆப்பர்ச்சூனிட்டி. ஜாவாவுக்கு ஒத்துவராதவர் டெஸ்டிங்குக்கு ஒத்துவரலாம் இல்லையா? மேனேஜருக்கு ஆளின் பக்கத்தை அனுப்பாமல் அந்த வேலைக்கான விண்ணப்பத்தின் லிங்க்கை அனுப்புங்கள். ஆனால் ஒரே ஆள் இரண்டு மெயில் ஐடியில் நுழைந்திருந்தால் அது டூப்ளிகேட். போன் நம்பரை வைத்துத் தேடி இரண்டையும் ஒன்றாக மெர்ஜ் செய்துவிடுங்கள்.

இப்போது நோட்டீஸ் பீரியட். பல சாஃப்ட்வேர் ஆஃபரை ஏற்றதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறது. இரண்டு வாரத்தில் வேலை மாறுகிற ஊருக்கு அது சரி. நம் ஊரில் கதையே அங்கேதான் ஆரம்பம். ராஜினாமா கொடுத்ததும் பழைய கம்பெனி சம்பளத்தை உயர்த்தித் தருகிறேன் என்று உட்கார வைத்துப் பேசும். கையில் நம் ஆஃபரை வைத்துக்கொண்டே அவர் இன்னும் நாலு இடம் போவார். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், 90 நாள் பூட்டி வைத்தால் யாரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். அதனால் "ஆஃபர் ஏற்றார்", "ராஜினாமா உறுதி", "சேர்ந்தார்" என்று மூன்றாக வையுங்கள். ராஜினாமா ஏற்கப்பட்ட மெயிலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டாவதுக்கு நகர்த்துவது. கடைசி வேலை நாளுக்கு ஒரு ஃபீல்டு, பை-அவுட் (மீதி நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டி முன்னாடியே கிளம்புவது) உண்டா இல்லையா என்று ஒரு ஃபீல்டு. சேரும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேச ரிமைண்டர். பேசும்போது "வருவீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "வருவேன் மேடம்" என்றுதான் சொல்வார்கள். "கே.டி. யாருக்குக் கொடுக்கிறீர்கள், எதுவரை வந்திருக்கிறது?" என்று கேளுங்கள். கே.டி. என்றால் தன் வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படைப்பது. கிளம்புகிறவர் தேதியோடு சொல்வார். கிளம்பாதவர் மழுப்புவார்.

எக்செல் வேண்டாம். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்து, படிப்படியாக அமலாகிறது. என் விவரத்தை அழித்துவிடுங்கள் என்று ஒரு கேண்டிடேட் கேட்டால், யார் யார் மெயிலில் எந்த ஷீட் கிடக்கிறது என்று எங்கே போய்த் தேடுவீர்கள்?

வைட்ஃபீல்டு_ஜாவா:

மேனேஜர் தரப்பிலிருந்து ஒன்று. ஃபீட்பேக் எழுத சாஃப்ட்வேருக்குள் தனியாக லாகின் செய்யச் சொன்னால் எங்களில் பாதிப் பேர் செய்ய மாட்டோம், வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று போட்டுவிட்டுப் போய்விடுவோம். இன்டர்வியூ காலண்டர் அழைப்புக்குள்ளேயே ஸ்கோர்கார்டு (மதிப்பீட்டுப் படிவம்) லிங்க்கைப் போட்டு அனுப்பிப் பாருங்கள். இன்டர்வியூ முடிந்த கையோடு நிரப்பிவிடுவோம்.

பொம்மனஹள்ளி_பாரதி:

அக்கா, ரொம்ப நன்றி. அம்புக்குறி இருக்கிறது! இத்தனை நாள் கண்ணில் படவில்லை. ஸ்டேஜை மாற்றும் அட்மின் உரிமை எங்கள் ஹெச்.ஆர். ஹெட்டிடம் இருக்கிறது, கேட்டிருக்கிறேன். ஏற்கெனவே ஆட்கள் நிற்கும்போது ஸ்டேஜை மாற்றினால் ஏதும் சிக்கல் வருமா?

அல்சூர்க்காரி:

வரும். முதலில் ஸ்டேஜ் மாறினால் தானாகப் போகும் மெயில்களை நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் முந்நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் "அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியுள்ளீர்கள்" என்று போய்விடும். புது ஸ்டேஜ்களை உருவாக்கி, ஆட்களை நகர்த்தி, பழையது காலியான பிறகு எடுங்கள். நகர்த்தியதும் "ஸ்டேஜில் எத்தனை நாள்" கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். அதனால் முன்னாடியே ஒரு எக்ஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா வேலையைக் கடைசியில் தொடுங்கள், ஆள் குறைவாக இருக்கிற ஒரு வேலையில் முதலில் செய்து பாருங்கள்.